கட்டுரையில் இல்லாத நெய்

தீபத்துக்கு நெய் டின்னைச் சுமந்து மலையேறி வரும் அப்பாவின் துண்டை அம்மா இரண்டு தரம் துவைத்துப் போட்டாலும் நெய்வாசம் போகாது. அந்த வாசம் அடிக்கிற வீட்டில் உட்கார்ந்துதான் நான் பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு இங்கிலீஷ் கட்டுரைகளை உருப்போட்டேன்.

எங்கள் டீச்சர் "வெயிட்டான வார்த்தை" என்று ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். மோரோவர், நெவர்தலெஸ், மேக்னிஃபிசென்ட் என்று நீளும். "பாராவுக்கு மூணு வார்த்தையாவது வரணும், அப்பதான் மார்க்கு ஜாஸ்தி விழும்" என்பார். பக்கத்தில் உட்காரும் கலா, "நீ வீட்ல குழம்பு கேக்கறதுக்கே மோரோவர் போடுவடி" என்று கிண்டல் செய்வாள்.

பரீட்சையில் "எங்கள் ஊர்த் திருவிழா" வந்தது. மலைமேல் தீபம் எரிகிற கொப்பரைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை, திரிக்கும் தெரியவில்லை. நெய்க்குத் தெரியும், ஆனால் அது பட்டியலில் இல்லாத சின்ன வார்த்தை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெயிட்டான வார்த்தைகளாக இறக்கினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்கு.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அப்பா தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நம்ம தீபத்தைப் பத்தியா எழுதின? நெய் கொண்டுபோறது எங்க இருக்கும்மா, காட்டு" என்றார். நான் மேக்னிஃபிசென்ட் மேல் விரலை வைத்து, "இங்கப்பா" என்றேன். அவர் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாளை மடித்து அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் செருகினார்.

அதற்கப்புறம் விளக்கேற்றும்போதெல்லாம் அந்தப் படத்தை நேராகப் பார்க்கக் கூசியது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய்வரைக்கும் வந்தது. ப்ளஸ் டூ முடிந்தது, கல்யாணம் ஆனது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். படம் மட்டும் என் வீட்டுக்கு வந்தது.

இந்த வருஷம் தீபத்துக்காகப் படத்தைத் துடைத்தபோது தாள் கீழே விழுந்தது. காலேஜில் படிக்கும் என் மகள் எடுத்தாள். அவள் எழுதிக்கொடுத்த கட்டுரையில் ஃபர்தர்மோர், கான்சிக்வென்ட்லி எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, "நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று காலேஜ் மேடம் கேட்டிருந்த கடுப்பில் இருந்தவள், இதைப் படித்ததும் சிரித்துவிட்டாள்.

"அம்மா, இது எந்த ஊரு திருவிழா? மலையவே காணோமே."

அவளிடம் பேனா வாங்கி, தாளின் அடியில் "என் அப்பா நெய் சுமந்தார்" என்று இங்கிலீஷில் எழுதினேன். எல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். மனசு ஆறவில்லை. கொடியில் நெய்வாசத் துண்டு இல்லை. "இங்கப்பா" என்று சரியான இடத்தில் விரல் வைத்துக் காட்ட அப்பாவும் இல்லை.