இருநூற்றுப் பதினான்காம் எண்

பால்வாடி டீச்சர் எப்சிபாவுக்கு அந்தக் குப்பத்தின் முந்நூற்று எண்பத்தாறு வாக்காளர்களையும் வரிசை எண்ணோடு தெரியும். பத்து வருஷமாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் அவள் தலையில்தான். யார் கல்யாணமாகி சுண்ணாம்புக்குளம் போனாள், யார் பொன்னேரியில் வாடகைக்குக் குடியேறினான், யார் போய்ச் சேர்ந்தார், எல்லாம் அவளிடம் இருந்தது.

ஓட்டு விழும் விதமும் அவளுக்கு அத்துப்படி. விடிந்ததும் வயசானவர்கள். நண்டைத் தரம் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் பெண்கள். பதினோரு மணிக்கு, கரையேறிய ஆண்கள், உப்பு காயாத கையோடு. எந்தச் சின்னம் என்பதை முன்பெல்லாம் ஊர்க்கூட்டம் சொல்லும். இப்போது ஒரே வீட்டுக்குள் ரெண்டு சின்னம்.

வேலையில் கறார். பக்கத்து வீட்டு இருசம்மாளின் புருஷன் இறந்தபோது, காரியம் முடிந்த மறுநாளே படிவத்தோடு போய் நின்றாள்.

"அந்தாளு பேரு அதுல கீறதால உனக்கு இன்னாடி கொறஞ்சு போச்சு?" என்று இருசம்மாள் அழுதாள்.

"இல்லாதவங்க பேரு இருந்தா எவனாச்சும் வந்து குத்திட்டுப் போயிடுவான் பெரீம்மா" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கி வந்தாள்.

ஒரு பெயரை மட்டும் அவள் தொடவில்லை. வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு. சாலமன், அவள் புருஷன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்மேடு தட்டிப் படகு கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். சாலமன் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. உடல் இல்லாததால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததை அவள் பிடித்துக்கொண்டாள். போன கார்த்திகையில் பட்டியல் திருத்தம் வந்தது. சாலமன் இருப்பதாகப் படிவத்தில் குடும்பத்தாராகக் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழேயே அலுவலராகவும் போட்டாள்.

இந்தத் தேர்தலில் ஊர் ஒரு முடிவெடுத்திருந்தது. முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்து அலுத்துவிட்டார்கள். ஒருத்தர் விடாமல் ஓட்டுப் போட்டால்தான் நம் பேச்சு மேலே ஏறும் என்றார்கள். சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைகளையெல்லாம் போன் போட்டு வரவழைத்தார்கள். இருநூற்றுப் பதினான்கைப் பற்றி மட்டும் அவள் முகத்துக்கு நேரே யாரும் பேசவில்லை.

ஓட்டு நாளன்று பள்ளிக்கூட வாசலில் உதவி மேசையில் உட்கார்ந்திருந்தாள். நாலரை மணிக்குக் குப்பம்மாள் கிழவியைக் கைத்தாங்கலாக வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, ஏஜெண்ட் சின்னதம்பி உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"டீச்சர்! முந்நூத்தி எண்பத்தாறும் உழுந்துடுச்சு!"

"இருநூத்திப் பதினாலு?"

"கடைசியா உழுந்ததே அதான்."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வந்தாரா? எப்படி இருந்தாரு? எளைச்சுப் போயிருந்தாரா?"

சின்னதம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. மதில் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே சாலமனின் தம்பி ஜேம்ஸ் நின்றிருந்தான். அண்ணனை உரித்து வைத்த முகம். அவனுக்கு ஓட்டு எண்ணூரில். மதியம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டான். சாலமனின் அடையாள அட்டை அலமாரியில் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"யாரைக் கேட்டு எடுத்த?" என்றாள்.

"திருட்டுத்தனம்னு நெனைக்காத அண்ணி. அண்ணன் செத்ததே அந்த மொகத்துவாரத்துலதான். அதுக்காவ ஊரே ஓட்டு போடறப்ப, அவரு ஓட்டு இல்லாம போவலாமா?"

செத்தது. ஐந்து வருஷத்தில் அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொன்னதில்லை. எல்லாரும் 'காணோம்' என்றுதான் சொல்வார்கள். அவன் விரலில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

உள்ளே இருந்த அதிகாரியிடம் சொல்லிவிட ரெண்டு படி ஏறினாள். அதற்குள், எல்லா ஓட்டும் விழுந்துவிட்டதென்று தெருவில் பட்டாசு வெடித்தது. இறங்கிவிட்டாள். அது சரிதானா என்று அவளுக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் காலை இருசம்மாள் வந்தபோது எப்சிபா எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதற?"

"பேரு நீக்குற படிவம் பெரீம்மா."

இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷன் பேரை நீக்கிய அன்று தான் வாங்கிக்கொண்ட பதிலை அவள் திருப்பிச் சொல்லவில்லை. "இப்ப இன்னாடி அவசரம்? அடுத்த எலெக்‌ஷனுக்கு எத்தினி வருசம் கீது" என்றாள்.

எப்சிபா காரணத்துக்கு நேரே 'இறப்பு' என்பதில் குறியிட்டாள். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் கையெழுத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அக்கம்பக்கம் விசாரிச்சுட்டுத்தான் போடணும்" என்றாள். பிறகு, எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"சாலமன் இருக்காரா பெரீம்மா?"

இருசம்மாள் அவள் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"இல்லடி."

எப்சிபா அங்கேயும் கையெழுத்துப் போட்டாள்.