சம்பந்தி காயவைத்த படகு

உஸ்தீனியாவை எங்கள் கரையில் தெரியாதவர் இல்லை. அவள் அம்மா எவ்தோகியாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கலங்கரை விளக்கக்காரனுக்குக் கொடுத்தார்கள். நடுவுள்ளவள் தேனீ வளர்க்க வந்த ஒருவனோடு போய்விட்டாள், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கடைசிப் பெண்ணான இவளை மட்டும் உள்ளூரிலேயே மீன்கார நிக்கிஃபோருக்குக் கட்டிவைத்தார்கள். நிக்கிஃபோர் இறந்துபோன பிறகு துடுப்பு இவள் கைக்கு வந்தது. டான்யூப் ஆறு கடலைத் தொடும் இந்த நாணல் காட்டில் எந்த வீட்டுக்கும் வாசல் என்றால் தண்ணீர்தான். மருத்துவச்சியை அழைத்து வருவதானாலும், பன்றிக்குட்டியைக் கொண்டுபோவதானாலும் உஸ்தீனியாவின் படகைத்தான் கூப்பிடுவோம். அவள் படகில் ஏறி நனைந்து இறங்கியவர் கிடையாது.

அதற்குக் காரணம் பாதி அவள் கை, பாதி வாய். ஏறுகிறவர் பாதிரியாராகவே இருந்தாலும், "சாமி, நடுவுல கால வைங்க. மொதல்ல உக்காருங்க. நின்னுக்கிட்டுதான் ஆசீர்வாதம் பண்ணணும்னா கரையிலயே பண்ணிட்டு வந்துருங்க" என்பாள். உபரியாக ஒரு துடுப்பும், தண்ணீர் இறைக்க இரண்டு மரச்சட்டிகளும் இல்லாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டாள். குடித்தவனை ஏற்றவே மாட்டாள். அவன் கரையில் உட்கார்ந்து அவளைத் திட்டிப் பாட்டுக் கட்டுவான். அவள் அதைக் கேட்டுக்கொண்டே மற்றவர்களை ஏற்றிப் போவாள்.

அவள் மகள் வசிலீசாவுக்கு வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று முடிவானது. பெண்ணைத் தாய் வீட்டுப் படகுதான் கோயில் துறையில் இறக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். வேறு படகில் போனால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறாள் என்று இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஊரில் எத்தனையோ பெண்களை, படகில்லாத வீடுகளுக்காக, உஸ்தீனியா தன் படகையே தாய் வீட்டுப் படகாக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். இப்போது சொந்த மகளின் முறை.

மாப்பிள்ளை வீட்டார் மலைக்காரர்கள், ஆடு மேய்க்கும் குடும்பம். வியாழக்கிழமைக் கப்பலில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொவாதெர் வாசல் நிலையில் இடிக்கும் உயரம், தலையில் ஆட்டுத்தோல் குல்லா. பாலாடைக் கட்டிகளும், பெண்ணின் மெத்தைக்கு ஒரு மூட்டை கம்பளி மயிரும், ஒரு தொட்டி ஆட்டுக் கொழுப்பும் சீராகக் கொண்டுவந்திருந்தார்.

உஸ்தீனியா அப்போதுதான் படகுக்குத் தார் பூசி, துறைக் கம்பத்தில் கட்டி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி முக்கிவைத்திருந்தாள். குளிர்காலம் முழுதும் கரையில் கிடந்து காய்ந்த மரம் சுருங்கியிருக்கும். நாலைந்து நாள் தண்ணீர் குடித்தால்தான் பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இடுக்கை அடைக்கும். வசந்தம் வந்தால் எல்லாத் துறையிலும் படகுகள் மூழ்கித்தான் கிடக்கும், எங்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கல்யாண முக்காடு வாங்க அவள் பட்டணத்துக்குக் கப்பல் ஏறினாள். போகும்போது சம்பந்தியிடம், "இது உங்க வீடு மாதிரி, கூச்சப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

சனிக்கிழமை நண்பகல் கப்பல் திரும்பியது. மேல்தட்டில் நின்று பார்த்தவளுக்குக் கம்பம் தெரிந்தது, படகு தெரியவில்லை. கரைப் புல்லில், நல்ல வெயிலிலும் காற்றிலும், அது கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தொவாதெர் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, நல்லவேளை நான் பாத்தேன். உங்க படகு முங்கிப்போச்சு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு நானும் பசங்களும் நேத்தே இறைச்சுத் தூக்கிட்டோம். இப்ப நல்லாக் காஞ்சிருச்சு. தட்டிப் பாருங்களேன்."

அவள் தட்டினாள். காலிப் பீப்பாய் போலச் சத்தம் வந்தது. பலகை இடுக்கில் நகம் முழுசாக நுழைந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிஃபோரின் தம்பி லாரியோன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லலாம்னுதான் வந்தேன் அண்ணி. ஆனா மனுஷன் அவ்வளவு ஆசையா வேலை பாத்தாரு, தடுக்க மனசு வரல."

"நீ விதை கொறிச்சு முடிக்கல, அதைச் சொல்லு."

"கோவப்படாதீங்க. நாளைக்கு என் மோட்டார் படகு சும்மாதான் இருக்கு. பொண்ண அதுல கூட்டிட்டுப் போறேன்."

"நான் சித்தப்பா படகுல போகமாட்டேன்," என்று உள்ளிருந்து வசிலீசாவின் குரல் வந்தது. "ஊர்ல என்னைப் பேசுவாங்க."

விஷயத்தைக் கேட்டதும் தொவாதெர் குல்லாவைக் கழற்றிக் கையில் பிசைந்தார். "படகு தண்ணி குடிக்குமா? எனக்குத் தெரிஞ்சு ஆடு குடிக்கும், கழுதை குடிக்கும், என் தம்பி குடிப்பான். இது தெரியலையே தாயி."

கோபப்படத் தயாராயிருந்த உஸ்தீனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே படகை மறுபடி தண்ணீரில் தள்ளி முக்கினாள். சாயங்காலம் இறைத்துப் பார்த்தால் இரண்டு இடுக்குகளில் தண்ணீர் கொப்பளித்தது.

தொவாதெர் தயங்கித் தயங்கி வந்தார். "எங்க பட்டியில பால் தொட்டி ஒழுகினா, கம்பளி மயிரைக் கொழுப்புல பெசஞ்சு அடைப்போம். இதுக்கு ஆகாதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஏன் ஆகாது? ஆனா திணிச்சு அடிக்காதீங்க. மரம் இன்னும் ஊதும், அதுக்கு எடம் விடணும்."

"அம்மா, அது என் மெத்தைக் கம்பளி" என்றாள் வசிலீசா.

"மெத்தை கொஞ்சம் சின்னதா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. நெருங்கிப் படுத்துக்குங்க."

இரண்டு சம்பந்திகளும் குனிந்து உட்கார்ந்து இடுக்குகளை அடைத்தார்கள். இரவு முழுதும் படகு மறுபடி தண்ணீருக்குள் கிடந்தது.

ஞாயிறு காலை இறைத்துவிட்டு, உஸ்தீனியா மட்டும் ஏறி, தேநீர்ச் சமோவார் கொதிக்கும் நேரம் வரை அசையாமல் உட்கார்ந்து அடிப்பலகையையே பார்த்தாள். முதலில் ஈரம் பூத்தது. பிறகு நூல்போலத் தண்ணீர் ஓடியது. கரையில் ஊரே காத்திருந்தது.

"போகலாம்," என்றாள் கடைசியில். "மூணே பேரு. நான், பொண்ணு, இறைக்க ஒரு ஆள். பெரிய கால்வாய் வேண்டாம், நாணல் ஓரமாப் போவோம். அங்க எறங்கி நின்னா இடுப்பளவுதான். லாரியோன், வாத்தியக்காரங்கள நீ ஏத்திக்க. மோட்டாரை நிறுத்திட்டுத் துடுப்பு போட்டு வா. உன் அலை ஒண்ணு என் படகுல ஏறிச்சுன்னா உனக்கு மீன் சாறு கிடையாது."

"இறைக்கறது யாரு?" என்றான் லாரியோன்.

"காயவச்சது நான்தானே," என்று தொவாதெர் முன்னே வந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் படகில் வருவதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. "நடுவுல கால வைங்க சம்பந்தி" என்றாள் உஸ்தீனியா. அவர் காலை வைக்கவில்லை. பட்டிக்குள் நுழைவதுபோல நாலு காலில் தவழ்ந்து ஏறினார். கரை குலுங்கச் சிரித்தது.

படகு நாணலை உரசிக்கொண்டு மெல்லப் போனது. அவர் இறைத்தார், விடாமல் இறைத்தார். வசிலீசா இரண்டு காலையும் தூக்கிக் கம்பளி மூட்டையில் மிச்சமிருந்ததன்மேல் வைத்துக்கொண்டாள். மரச்சட்டியின் தாளத்துக்கு அவருக்கு ஏதோ மலைப்பாட்டு வாயில் வந்தது. பின்னால் வந்த அக்கார்டியன்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். கூழைக்கடாக்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஆட்டுக் கொழுப்பு வாடை காற்றில் முன்னே போனதால், கோயில் துறையில் நின்றவர்களுக்குப் பெண் வருவது பாட்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

படியில் இறங்கியதும் உஸ்தீனியா மகளின் பாதத்தைத் தூக்கிச் செருப்பின் அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சம்பந்தி முழங்கால் வரை சொட்டச் சொட்ட நின்றார், முகமெல்லாம் பல்.

விருந்தில் பிளம் சாராயம் ஆறாக ஓடியது. திரும்பும்போது இறைக்கவேண்டும் என்று தொவாதெர் ஒரு மிடறுகூடத் தொடவில்லை. பொழுது சாயக் கிளம்பி, சட்டியை எடுத்துத் தயாராக உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அடியில் வழித்துப் பார்த்தார். சட்டி காய்ந்த பலகையில் கரகரத்தது. மரம் வயிறு நிறையக் குடித்துவிட்டிருந்தது.

"எனக்கு வேலை இல்லாமப் போச்சே, சம்பந்தியம்மா" என்றார் ஏமாற்றமாக.

உஸ்தீனியா உபரித் துடுப்பை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க, போடுங்க. உக்காந்துக்கிட்டே."