ரெங்கத்தில் ஒரு சலவை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூரில் ரயில் ஏறினோம். நான், என் மனைவி ஞானம், பன்னிரண்டு வயது மகள் கிரேஸ். நாகப்பட்டினத்தில் கப்பலேறியது முதல் ஞானம் ஒரு மூட்டையை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. அதற்குள் இருபது கட்டிச் சவுக்காரம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர், பிஷப்பே ஆனாலும், காலைக் கழுவாமல் உள்ளே வர முடியாது. அப்படிப்பட்டவள் ஜொகூர் ரப்பர்க் காட்டில் சபையார் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் ஊழியம் செய்யப் புறப்பட்டால் வேறு எதைக் கொண்டுபோவாள்?

கடலின் குறுக்கே போட்ட பாதையில் ரயில் ஊர்ந்து ஜொகூர் பாருவை அடைந்தது. பிறகு கூலாய், லயாங் லயாங் என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் வரிசை பிசகாத ரப்பர் மரங்கள்தாம். ஏறக்குறைய அறுபது மைல் கடந்து ரெங்கத்தில் இறங்கினோம். இல்லம் இன்னும் மூன்று மைல். மாட்டு வண்டிக்கு அறுபது காசு.

"ஏறுங்க சார், போலாம். அங்க இருக்கிறதெல்லாம் நம்ம தோட்டத்துப் பிள்ளைங்கதான். காய்ச்சல்ல தாய் தகப்பன பறிகொடுத்ததுங்க" என்றார் வண்டிக்காரர் மாரிமுத்து.

வழியெல்லாம் ஒரு புளித்த நாற்றம். ரப்பர்ப் பால் துணியில் காய்ந்தால் அப்படித்தான் இருக்குமாம். ஞானம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

இல்லம் என்பது ஓலை வேய்ந்த ஒரு நீண்ட கொட்டகை, முப்பத்தொரு குழந்தைகள். நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துப் பொன்னம்மா டீச்சர். "வாருங்கோ, நல்லாக் களைச்சுப் போனியள்" என்று இளநீர் கொடுத்தார். எனக்குப் பாடம் சொல்லும் வேலை, கிரேஸுக்குப் பாட்டு. ஞானத்துக்கு யாரும் வேலை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அண்டாவில் வெந்நீர் கொதித்தது. போர்வை, தலையணை உறை, சட்டை, பாவாடை எல்லாம் வெள்ளாவிக்குப் போயின. பத்து மணிக்குக் கொடியெல்லாம் பளபளத்தது. அவள் முகமும்தான்.

மத்தியானம் முனியம்மா என்ற ஆறு வயதுப் பெண் தட்டைத் தொடவில்லை. தன் பாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பொன்னம்மா டீச்சர் ஓடி வந்தார்.

"இவளின்ட சீலைத்துண்டு எங்கை?"

"கொடியில காயுது. கறையெல்லாம் போயிட்டு, பாருங்க" என்றாள் ஞானம்.

"ஐயோ பிள்ளை, அது தாய் ரப்பர்ப் பால் வெட்டப் போகேக்க கட்டின சீலை. அதை மூக்கிலை வைச்சு மணந்துகொண்டுதான் இவள் சாப்பிடுவாள், படுப்பாள்."

டீச்சர் துண்டை எடுத்துக் கொடுத்தார். குழந்தை முகர்ந்தாள், சவுக்கார வாசனை. அழவில்லை, துண்டைத் திருப்பி நீட்டினாள். இது தன்னுடையது இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஞானத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமையும் இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. சாயங்காலம் ஞானம் அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு, "வண்டி பிடிங்க. அவ அம்மா வேலை பார்த்த தோட்டத்துக்குப் போகணும்" என்றாள்.

இரண்டு மைல். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் விசாரித்ததில் அஞ்சலை என்ற பெண் வந்தாள். கை முழுக்கப் பால் பிசின்.

"அவ என் பக்கத்து நெரையிலதாங்க மரம் வெட்டுனா" என்றாள்.

ஞானம் துண்டை நீட்டினாள். "இத... இத அழுக்காக்கித் தரணும்மா."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டறியாத வார்த்தை. வேறு சமயமானால் மாதக் கணக்கில் கிண்டல் செய்திருப்பேன்.

அஞ்சலை துண்டை வாங்கி இடுப்பில் செருகினாள். "நாலு நாள் குடுங்க. வெட்டுக்குக் கட்டிட்டுப் போறேன். பால் வாளியையும் இதுலயே தொடைக்கிறேன்."

அந்த நாலு நாளும் ஞானம் முனியம்மாவை மடியில் வைத்து, வாய் வாயாகக் கெஞ்சி ஊட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அஞ்சலையே நடந்து வந்துவிட்டாள். துண்டு கறை படிந்து விறைத்திருந்தது. முனியம்மா முகத்தில் வைத்து நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு ஞானத்தின் தோளில் ஏறி, துண்டும் தானுமாகத் தூங்கிப்போனாள். எழுந்ததும் சோறு கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிச்சமிருந்த இரண்டு வாரமும் அந்தத் தோள் அவளுக்கே சொந்தமாகிவிட்டது. புறப்பட்ட அன்று வண்டி வரை ஞானத்தின் நீலச் சேலைத் தோளிலேயே வந்து, இறங்கி, துண்டைப் பிடித்தபடி நின்றாள்.

பாளையங்கோட்டையில் எல்லாம் பழையபடிதான். வாசலில் தண்ணீர்ச் செம்பு இருக்கிறது. வருகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள். வந்த மறுநாள் சலவைக்காரருக்குத் துணி போட்டபோது, ஒரு நீலச் சேலையை மட்டும் ஞானம் எடுத்து ஒதுக்கினாள்.

"அது சுத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் அடுக்களைக்குப் போன பிறகு நான் அதன் தோள்பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். சுத்தமாக இல்லை.