கம்பளியார் வாய் திறக்காத கதை

பத்திரிகைத் தொழிலில் எழுதுகிறவருக்கு மாலை விழும், வெட்டுகிறவனுக்கு வசவு விழும். எனக்கு இரண்டு வருடமாக அந்த வசவு வந்து சேரவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கோவையில் ஒரு தினசரியின் ஞாயிறு இணைப்பில் நான் துணை ஆசிரியன். முப்பது வருடமாக அடுத்தவர் பேச்சைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும், மேலே இருப்பவர் ஒன்று கேட்க, கீழே இருப்பவர் வேறொன்று கேட்க, நடுவில் சிக்கி நசுங்கியிருப்பீர்கள். ஒரே செக்கில் ஆட்டப்பட்ட பருப்புகள் நாம். அந்த உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் இணைப்பில் ‘ஏழாம் கணவாய்’ என்றொரு மாயாஜாலத் தொடர் வருகிறது. ராணி, மலைக்கோட்டை, நெருப்புக் கக்கும் பறவை எல்லாம் உண்டு. அத்தனையையும் விட்டுவிட்டு, கோவேறு கழுதையோடு வந்து போகும், கறுப்புக் கம்பளி போர்த்திய ஓர் ஆளைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். அவன் எங்கிருந்து வந்தான், யாருடைய ஆள், மனதில் என்ன இருக்கிறது, எவருக்கும் தெரியாது. தொடரில் அவன் பெயர் கம்பளியான். கொங்கு நாட்டு வாசகர்கள் முகம் தெரியாதவருக்கும் மரியாதை கொடுப்பவர்கள். மூன்றாவது வாரமே அவனைக் ‘கம்பளியாருங்க’ ஆக்கிவிட்டார்கள்.

எழுதுகிறவர் வசந்தாமணி அக்கா. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். கொப்பரைப் பருப்பு காயும் களத்தில் உட்கார்ந்து, காக்கை ஓட்டிக்கொண்டே, செல்போனில் தட்டி அனுப்பிவிடுவார். அச்சில் வந்ததைப் படிக்க மாட்டார். படித்தால் அடுத்த அத்தியாயம் வராது என்று ஒரு நம்பிக்கை. முதல் நாளே நிபந்தனை போட்டார்: “வேற எதை வேணும்னாலும் வெட்டிக்குங்க சார். கம்பளியான் பேசறதுல ஒரு வரி கொறைஞ்சாலும் தொடரை நிறுத்திப்போடுவேனுங்க.”

சரி என்றேன். தொடர் நின்றால் அந்தப் பக்கம் வீட்டுமனை விளம்பரத்துக்குப் போய்விடும். பக்கத்தோடு நானும் போய்விடுவேன் என்று ஆசிரியர் ஏற்கெனவே அன்போடு தெரிவித்திருந்தார்.

பாலத்தில் ஒரு பம்ப்செட்

பன்னிரண்டாவது அத்தியாயம். தொங்கு பாலத்தின் நடுவில் ராணி கம்பளியானை நிறுத்தி, ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்கிறாள். அக்கா எழுதியிருந்த பதில் பதினோரு வரி. தன் கழுதையை எந்தச் சந்தையில் வாங்கினான், அதன் தாய் யாரிடம் இருந்தது, அந்தத் தாய்க்கு ஒரு மழைக்காலத்தில் எப்படிக் கால் பிசகியது என்றெல்லாம் போய், கடைசி வரியில் ‘உங்க பக்கந்தான்’ என்று முடியும்.

வெள்ளி மதியம் பக்கம் முடிக்கிற நேரத்தில், ஒரு பம்ப்செட் விளம்பரம் சொன்னதைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரமாக வந்து நின்றது. இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். செய்தியில் சத்து மேலே, தவிடு கீழே என்பது எங்கள் வேதம். கதைக்கும் அதையே ஓதினேன். ராணி கேட்டாள், கீழே ‘தொடரும்’, அதற்கும் கீழே பம்ப்செட்.

திங்கட்கிழமை முழுக்க, காங்கேயத்திலிருந்து அழைப்பு வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது சத்தியமங்கலத்திலிருந்து. பூ மண்டிக்காரர் ஒருவர்: “ஏனுங்க, ராணியே கேட்டும் வாயத் தொறக்காம நின்னாரு பாருங்க கம்பளியாரு, அது ஆம்பளைங்க! எங்கூட்ல நான் ஒரு வார்த்தைக்கு ஒம்பது வார்த்தை பேசித்தான் வாங்கிக் கட்டிக்கறேன்.”

மலையுச்சியிலும் இருப்பார், கோட்டைக்குள்ளும் இருப்பார்

ஒரு முறை தப்பித்தவனுக்குத் துணிச்சல் வந்துவிடும். ஒரு வாரம் கால் பக்கத்துக்குக் கண்ணீர் அஞ்சலி வந்தது. இறந்தவரிடம் இடம் குறையுங்கள் என்று கேட்க முடியாது. அத்தியாயத்தின் முடிவில் நெருப்புப் பறவை இறங்குகிறது. அதையும் வெட்ட முடியாது. ஆகவே நடுவில் கை வைத்தேன். கம்பளியான் மலையிலிருந்து இறங்கி, கழுதையைக் கட்டி, ராகிக் கூழ் குடித்து, காவல்காரனிடம் கூழின் பக்குவம் பற்றி அரை மணி நேரம் பேசி, அவன் அசந்து தூங்கிய பிறகு கோட்டைக்குள் நுழைவான். அந்தப் பத்தி முழுவதும் போயிற்று. அச்சில் பார்த்தால், ஒரு வரியில் மலையுச்சியில் நிற்கிறான், அடுத்த வரியில் கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

மதுக்கரையிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் கிராஃப் தாள். அதில் மலை, கோட்டை, இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு. நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார்: “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, கதை கெட்டுப்போகும். சுரங்கம் இருக்குது. நான் அளந்தே பாத்துட்டேன்.”

வருந்துகிறோம்

இது என் குற்றமல்ல. பக்கம் வடிவமைக்கும் பிரேமா ஒரு வெள்ளிக்கிழமை, பல் வலியோடு, இரண்டு பத்திகளை இடம் மாற்றி வைத்துவிட்டாள். முதல் பத்தியில் கம்பளியான், ‘உங்கள் தம்பி இறந்துவிட்டான்’ என்று ராணியிடம் சொல்கிறான். இரண்டாவது பத்தியில்தான் தூதன் குதிரையில் வந்து இறங்கி அவனிடம் சேதி சொல்கிறான்.

மறுவாரம் போடுவதற்கு, ‘பத்திகள் இடம் மாறியதற்கு வருந்துகிறோம்’ என்று நான்கு வரி தயார் செய்தேன். அதற்குள் போன்கள் வரத் தொடங்கிவிட்டன. கம்பளியாருக்கு நடக்கப்போவது தெரியும், ஆரம்பத்திலிருந்தே தெரியும், பாலத்தில் பேசாமல் நின்றதும் அதனால்தான் என்றார்கள். ஆசிரியர் என் நான்கு வரியை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்: “வாசகர் ஒருத்தரும் வருத்தப்படலை, நாம எதுக்கு வருத்தப்படறது?”

மார்கழிக் குற்றம்

மார்கழியில் கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. ஆகவே விளம்பரமும் இல்லை. அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு, அக்கா எழுதியது எழுதியபடி, கால்புள்ளி குறையாமல் வெளிவந்தது. கம்பளியான் முக்கால் பக்கம் பேசினான். கம்பளி நெய்வது எப்படி, நனைந்தால் எவ்வளவு கனக்கும், எந்த ஆட்டு மயிர் அரிக்காது. எனக்கும் இரண்டு வருடத்தில் அன்று ஒருநாள்தான் மனசாட்சி நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி புதன்கிழமை வரைதான். பொள்ளாச்சிப் பள்ளி ஆசிரியை ஒருவரின் அஞ்சலட்டையில் சிவப்பு மையில் இவ்வளவுதான் இருந்தது: “இந்த வாரம் எழுதியது யார்? வசந்தாமணி அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் தொடரை ஒரு வாரம் நிறுத்துங்கள். கண்டவர்களை எழுத விடாதீர்கள்.”

பிடித்த கட்டம்

நூறாவது அத்தியாயம் வந்தது. ‘கம்பளியாரிடம் உங்களுக்கு மிகவும் பிடித்த கட்டம் எது? எழுதி அனுப்புங்கள்’ என்று ஆசிரியர் ஓர் அறிவிப்புப் போட்டார். அதோடு நிற்கவில்லை. வாசகர் கூட்டம் ஒன்று நடத்தி, வசந்தாமணி அக்காவே மேடையில் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நானும் பிரேமாவும் கடிதங்களை மேசையில் கொட்டிப் பிரித்தோம். பாலத்தில் மௌனம், ஒரு குவியல். கோட்டைக்குள் மாயமாகத் தோன்றியது, ஒரு குவியல். சாவை முன்கூட்டிச் சொன்னது, ஒரு குவியல். இளவரசன் நன்றி சொன்னபோது திரும்பிப் பார்க்காமல் போனது (ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, எட்டு சென்டிமீட்டர்), அது ஒரு குவியல். அக்கா எழுதியது எழுதியபடி வந்த கட்டம் ஒன்றாவது யாருக்காவது பிடித்திருக்காதா என்று சாயங்காலம் வரை தேடினேன். இல்லை. மேடையில் அக்கா எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் நான் அகப்பட்டுக்கொள்வேன். பிரேமா கடைசி உறையையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்: “அண்ணா, நீங்க கதை எழுதியிருந்தா ஒருத்தரும் சீந்தியிருக்க மாட்டாங்க. எழுதினதை எடுத்ததுக்கு எத்தனை ரசிகருங்க பாருங்க!”

மேடையில் பதினோரு வரி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபம். ஞாயிறு காலை பத்து மணிக்கே நாற்காலிகள் போதவில்லை. கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு சிலர் வந்திருந்தார்கள், சித்திரை வெயில். அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் மேடையேறி, முதல் கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். ‘ராணி கேட்டும் பதில் பேசாமல் பாலத்தில் நின்றாரே, அந்தக் கட்டம்.’

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மைக்கில், “பதில் சொன்னாருங்களே?” என்றார். அரங்கம் சிரித்தது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் இரண்டாவது கடிதத்தைப் பிரித்தார், மூன்றாவதைப் பிரித்தார், பிறகு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அக்கா செல்போனை எடுத்து, தேடிப் பிடித்து, பதினோரு வரியையும் படித்தார். சந்தை, கழுதையின் தாய், மழைக்காலம், கால் பிசகல் எல்லாம். குரலே மாறிவிட்டது; வேறு யாரோ ஓர் ஆண் அவருக்குள்ளிருந்து, வெற்றிலை மென்றுகொண்டே, அவசரமில்லாமல் பேசுவது போல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் அதை வெட்டியபோது படிக்கவே இல்லை, வரிகளை எண்ணினேன், அவ்வளவுதான்.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, வெகு பணிவாகக் கைகூப்பிச் சொன்னாள்: “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. கம்பளியாரு இப்படிப் பேச மாட்டாருங்க. நீங்க அவரைச் சரியாப் புரிஞ்சுக்கலைன்னு தோணுது.” அதற்குத்தான் கைதட்டினார்கள்.

காபி வேளை

கூட்டம் முடிந்து, காபி டம்ளரோடு அக்கா நேராக என்னிடம் வந்தார். “எத்தனை நாளாங்க சார்?” “ரெண்டு வருசமாங்க அக்கா. விளம்பரம்...” என்று ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்தினார். சத்தம் போடவில்லை.

“அது எங்கண்ணன் பேச்சுங்க. மாட்டுச் சந்தைல வெலை சொல்றதுக்கு முந்தி மாட்டோட ஏழு தலைமுறையும் சொல்லித்தான் நிறுத்துவாரு. பக்கவாதம் வந்து மூணு வருசமாப் பேச்சில்லை. படுத்தே இருக்காருங்க. கம்பளியான் வாயில உங்க பேச்சைத்தான் வெக்கறேன்னு அவருகிட்டச் சொல்லியிருந்தேனுங்க. பேப்பரை அவரு முன்னாடிதான் விரிச்சு வெப்போம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் படிச்சுப்போட்டு என்னையவே பாத்துட்டு இருப்பாரு. ஏன் அப்படிப் பாக்கறாருன்னு இன்னைக்குத்தான் தெரியுதுங்க.”

வெட்டுவதற்கு எனக்கு வரி கிடைத்திருக்கிறது. சேர்ப்பதற்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. “தொடரை நிறுத்தறீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டேன். வாசலில் கம்பளி போர்த்தியவர்கள் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் டம்ளரை நீட்டினார்: “நிறுத்தலைங்க. அந்தக் கம்பளியாரை அவங்களே வெச்சுக்கட்டும். ஆனா வெட்டற வரியை வெள்ளிக்கெழமை போன் போட்டு எங்கண்ணனுக்கு நீங்களே படிச்சுக் காட்டோணும். பேச விடாம பண்ணினவரே பேசுங்க.”

வெள்ளி மதியம்

முதல் வெள்ளியன்று ஒன்பது வரி வெட்டு. ஒரு டிராக்டர் விளம்பரத்தின் உபயம். மாடிப்படியில் நின்றுகொண்டு காங்கேயத்துக்குப் போன் போட்டேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் காதருகே வைத்தார். கழுதைக்கு லாடம் அடிக்கிற விவரம். செய்தி வாசிப்பவன் போல ஒரே மூச்சில் படித்தேன். அந்தப் பக்கம் மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று போனை வைக்கப் போனேன். அக்கா குரல் வந்தது: “இருங்க சார், இருங்க! வெரலை ஆட்டறாரு. இவ்வளவுதானான்னு கேக்கறாருங்க. இன்னொருக்கா மெதுவாப் படிங்க. அடுத்த வாரம் இன்னுங் கொஞ்சம் சேத்தி வெட்டுங்க.”

விளம்பரம் வராத வாரத்தில் வருத்தப்படுகிற துணை ஆசிரியன், எனக்குத் தெரிந்து, இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான்.