பத்தியக்கறியால் பின்போன திகதி

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டது நானல்ல. காணொளி அழைப்பில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி நிஸாம்தான். "கழுத்த ஒருக்கா டொக்டரிட்ட காட்டுங்க தங்கச்சி" என்றார் கிண்ணியாவிலிருந்து. நேரமில்லை என்றேன்.

படகு கரைக்கு வருமுன்பே மீன் விலையை மீனவரின் கைபேசிக்குச் சொல்லும் செயலி எங்களுடையது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன அறைதான் அலுவலகம். இறக்கக்கண்டியில் தொடங்கியதைக் கரையோரம் முழுவதும் கொண்டுபோக வேண்டுமென்று எனக்கு வெறி. எதுவும் நேற்றே நடந்திருக்க வேண்டும். சாப்பாடு, காய்ச்சல், கழுத்துக் கட்டி எல்லாம் பிறகு.

கடைசியில் போய்ப் பரிசோதித்தபோது, தைரொயிட் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) புற்றுநோய் என்று முடிவு வந்தது. உங்களுக்கும் இதே சொல்லைச் சொல்லியிருந்தால், முதலில் இணையத்தை மூடிவையுங்கள். இது பெரும்பாலும் குணமாகும் வகை என்று மருத்துவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். அடுத்தது கதிரியக்க அயடின் (மிஞ்சிய புற்றுக்கலங்களை உள்ளிருந்தே அழிக்கும் மருந்து). கொழும்பில் முதலீட்டாளர்களுக்குச் செயலியைக் காட்டும் நாளுக்கு முன்பே அது முடியும்படி, மருத்துவரிடம் பேரம்பேசித் திகதி வாங்கினேன். மருந்துக்கு முன் கடலுணவும் அயடின் உப்பும் கூடாது என்றார் அவர். உடம்பு அயடினுக்குக் காய்ந்து கிடந்தால்தான் மருந்தை இழுத்துக்கொள்ளுமாம்.

என் கணவர் குசினியிலிருந்த உப்பையும் கருவாட்டையும் அன்றே அகற்றினார். ஆனால் வெட்டுப்பட்ட உடம்புக்குப் பத்தியக்கறி கொடுக்காமல் விட எங்கள் பக்கத்தில் யாருக்கு மனம் வரும்? அவரே மிளகும் சீரகமும் உள்ளியும் அரைத்து, இறக்கக்கண்டி மீனவர் ஒருவர் கொடுத்தனுப்பிய பால்சுறாவைப் போட்டுக் காய்ச்சினார். நான் கைபேசியில் கொழும்போடு கதைத்தபடியே, என்ன கறியென்றும் கவனிக்காமல் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். அடுத்தடுத்த நாட்களும் அதே கறிதான்.

மருத்துவர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது கணவர் பெருமையோடு எல்லாம் சொன்னார். சிகிச்சை பின்போனது. புதிய திகதி கொழும்பு நிகழ்ச்சி நாளிலேயே விழுந்தது.

"கடலுணவு கூடாதெண்டு சொன்னவையெல்லோ?" என்று கணவரிடம் பாய்ந்தேன்.

"அது பத்தியமெல்லோ. மருந்தெண்டுதான் நினைச்சனான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் கோபப்பட என்னால் முடியவில்லை. என்மேல் அவ்வளவு அன்பு வைத்த மனிதர் அவர்.

நிகழ்ச்சி முடியும்வரை தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரைக் கேட்டேன்.

"தள்ளலாம், ஆனால் எனக்கு விருப்பமில்லை. அங்க வேற ஆள் போகலாம். இதுக்கு நீங்கள்தான் வரவேணும்."

நிஸாம் கொழும்புக்குப் போனார். நான் அயடின் மருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் தனியறைக்குப் போனேன். என் உடம்பிலிருந்து கதிர் வீசுமென்பதால் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் நன்றாக நடந்ததென்று நிஸாமிடமிருந்து செய்தி வந்தபோது சந்தோசப்பட்டேன். நானில்லாமலும் நடந்துவிட்டதே என்று கொஞ்சம் அழவும் செய்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் பிள்ளையை அண்டவிடக் கூடாது. ஐந்து வயது மகள் ஆரணி குசினி வாசலில் நின்று, "அம்மா, நீங்கள் இருட்டில மினுங்குவீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். உடம்பிலிருந்த கதிர் தன்பாட்டில்தான் குறையும். எவரை அதட்டியும் அதை விரைவாக்க ஏலாது. இத்தனை நாள் என்னைச் சுமந்து திரிந்த உடம்பு, நான் பிள்ளையை விலக்கிக் காக்கவேண்டிய ஒன்றாகிவிட்டது. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

ஒருநாள் மருத்துவர் அழைத்து, நாளையிலிருந்து பிள்ளையைத் தூக்கலாம் என்றார். எந்தத் திகதியையும் முன்னுக்கு இழுத்தே பழகிய நான் தயங்கினேன்.

"இன்னும் ஒரு நாள் பொறுத்தால் பிள்ளைக்கு நல்லதோ, டொக்டர்?"

அவர் சிரித்தார். "தேவையில்லை. நாளைக்கே தூக்குங்கோ."

மறுநாள் ஆரணி ஓடிவந்து என் மடியில் ஏறி, தழும்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டாள். அவள் தானாக இறங்கும்வரை நான் அசையவில்லை.