ஏரியைத் தெரிந்தவன் எழுதிய பதில்

தேர்வு நடந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்தது. வயிற்றை மேசைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பதுதான் அன்று எனக்கு வந்த முதல் கேள்வி. அதற்கே பத்து நிமிடம் போய்விட்டது.

எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. பள்ளியில் கன்னடம் படிக்காதவர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் கன்னட வாசிப்புத் தேர்வில் தேற வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில், படித்தது தமிழ்ப் பள்ளியில். பேச்சில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஆட்டோக்காரரோடு நான் கன்னடத்தில் சண்டை போட்டால், அவர் மீட்டரைப் போட்டுவிட்டு, சாருக்கு மண்டியா பக்கமா என்று விசாரிப்பார். எழுத்துதான் தகராறு. கன்னட எழுத்தை நான் கற்றுக்கொண்டது பேருந்துப் பலகையில். பலகையை முழுதாகப் படிக்கும்வரை எந்த டிரைவரும் நிற்க மாட்டார். ஆகவே முதல் இரண்டு எழுத்தைப் படிப்பது, மீதியை ஊகிப்பது, ஓடிப்போய் ஏறுவது. முப்பது வருடத்தில் தப்பான பேருந்தில் ஏறியது ஏழெட்டுத் தடவைதான். மோசமில்லை.

இந்தத் தேர்வை இருபது வருடம் தள்ளிப்போட்டேன். இனிமேல் முடியாது. எங்கள் சூப்பிரண்டு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். மூப்புப்படி அந்த நாற்காலி எனக்கு. நான் தேறாவிட்டால், எனக்கு ஒன்பது வருடம் பின்னால் சேர்ந்த லிங்கராஜபுரத்துத் தம்பிக்கு. “உன் முறை வர்றதுக்குள்ள அந்த நாற்காலியக் கரையான் தின்னுடும்டா” என்று அவனை வருடக்கணக்காக வாரியவன் நான். அவனும் அன்று அதே தேர்வை, எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்து எழுதினான். அவனுடைய பின்னந்தலையில் எந்தக் கலக்கமும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கலக்கம்.

தேர்வு முடிந்ததும் மூன்று பேர் பக்கத்துத் தர்ஷினிக்குப் போனோம். நான், தம்பி, தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகும் எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. உட்கார நாற்காலி இல்லாத, நின்றபடியே சாப்பிடும் கடை. “டூ பை த்ரீ கொடி” என்றேன். இரண்டு காபியை மூன்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். உத்தின வடையும், அதாவது நம்ம உளுந்து வடையும், வந்தது. வடையில் எண்ணெய் சொட்டியது. எனக்குக் கொழுப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் வேறு அர்த்தத்தில் சொல்வார்கள். சட்டைப்பையில் அகப்பட்ட காகிதத்தை மடித்து வடைக்கு அடியில் வைத்து எண்ணெயை ஒற்றிக்கொண்டேன்.

தம்பி கேள்வித்தாளை மேசையில் விரித்தான். “வாங்க சார், பார்த்துடலாம்.”

“இப்ப எதுக்குடா? நிம்மதியா சாப்புடு” என்றேன். எனக்கு நிம்மதி போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், சரியான வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். பதினைந்தில் எட்டு சரியாக இருந்தால் போதும்.

முதல் பத்தி ஒரு விடுப்பு விண்ணப்பம். அந்தத் துறையில் எனக்கு இருபத்து நான்கு வருட அனுபவம். ஐந்துக்கு ஐந்து. “பாத்தியா?” என்று மார்பை நிமிர்த்தினேன். இரண்டாவது பத்தி பட்டுப்புழு. அதில் இரண்டுதான் தேறியது. மொத்தம் ஏழு.

“இன்னும் ஒண்ணு போதும்ணா” என்றார் டைப்பிஸ்ட் அம்மா. “மூணாவது பத்தி ஏரி, அதுல அஞ்சு கேள்வி கீது. ஒண்ணு கூடவா வராது?”

ஏரியா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாக நான் காலையில் நடப்பதே அல்சூர் ஏரிக்கரையில்தான். பத்தியின் முதல் வரியில் ‘நகரின் நடுவே ஒரு ஏரி’ என்று பார்த்ததுமே, அட, நம்ம வீட்டுச் சமாச்சாரம் என்று பேனாவை எடுத்தவன் நான்.

“ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது சார்?” என்றான் தம்பி.

“சாக்கடையிலேருந்து.”

“மழையிலேருந்து, சார்.”

“எந்த ஊர்லடா இருக்க நீ? மூக்க மூடிக்காம அந்தப் பக்கம் போயிருக்கியா?”

“பத்தியில மழைத்தண்ணின்னுதான் போட்டுக்கீது” என்று அந்த அம்மா வரியில் விரலை வைத்தார்.

அடுத்தது, ஏரிக்கு எந்தப் பறவைகள் வருகின்றன? நான் பருந்து என்று போட்டிருந்தேன். என் கண் முன்னாலேயே ஒருவர் கையிலிருந்து பன்னைத் தூக்கிக்கொண்டு போன பருந்து, பொய்யா சொல்லும்? பத்தியில் நாரை. மக்கள் காலையில் அங்கே ஏன் வருகிறார்கள்? “பேசறதுக்கு” என்றேன். உடற்பயிற்சிக்காம். ஏரியின் நடுவில் என்ன இருக்கிறது? தீவு என்று சத்தியம் செய்தேன். பத்தியில் மண்டபம்.

“சார்,” என்றான் தம்பி, ரொம்பவும் பணிவாக, “அது எந்த ஏரின்னே போடல. நீங்க பத்திய முழுசா படிச்சீங்களா?”

“ரெண்டு வரி படிச்சேன்.”

“மீதி?”

“மீதிதான் எனக்குத் தெரியுமே!”

அந்த அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நல்லாக்கீதுண்ணா! நான் அந்த ஏரிய ரயில் ஜன்னல்லகூட பாத்ததில்ல. எனக்கு அஞ்சும் ரைட்டு!”

நாற்காலி கண் முன்னால் வந்தது. அதன் மேல் லிங்கராஜபுரம் உட்கார்ந்திருந்தது.

மிச்சம் ஒரே கேள்வி. ஏரியைக் காப்பது யாருடைய கடமை? பத்தியில் ‘மக்கள்’ என்று இருந்தது.

“மக்கள்னுதான் போட்டேன்” என்றேன்.

“நிச்சயமா சார்?”

“மக்கள். நல்லா ஞாபகம் இருக்கு. கடைசி வட்டம். கொஞ்சம் வெளியகூட வழிஞ்சிடுச்சு. எட்டு! நான் பாஸ்!” பரிமாறுபவரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கேசரி பாத் சொன்னேன். சூப்பிரண்டு சொல்வதுபோல்தான் சொன்னேன்.

“விடைத்தாளோட கார்பன் நகல் குடுத்தாங்களே, அதுல பாத்துடலாமே சார்?” என்றான் தம்பி.

சட்டைப்பையைத் தடவினேன். பேனா, கண்ணாடி, ரெண்டு மாத்திரை. கால்சட்டைப் பை. பர்ஸ், சாவி. மறுபடி சட்டைப்பை. பர்ஸைப் பிரித்தேன். காலணியைக்கூடக் கழற்றிப் பார்த்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

டைப்பிஸ்ட் அம்மா மட்டும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் வடையைத் தூக்கினார். அடியில் என் எதிர்காலம், எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

தம்பி அதை விளக்குக்கு நேராகப் பிடித்தான். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆகியிருந்ததால் வட்டங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. பதினைந்தாவது வரிசையில் கடைசி வட்டம் காலி. அதற்கு முந்தின வட்டத்தைத்தான் அழுத்திக் கருப்பாக்கியிருந்தேன். ‘அரசு.’

அரசு ஊழியன், அரசு என்று போட்டதற்குத் தோற்றான். கேசரி பாத் வந்தது. தம்பி தன் பங்கில் பாதியை என் தட்டில் தள்ளினான். பாவி, அந்த நேரத்தில் அவன் கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. பதினைந்துக்கு ஏழு என்றுதான் முடிவும் வந்தது. தேறிவிட்ட தம்பி நாற்காலிக்குப் போனான். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றான். “உக்காருங்க சார், நாற்காலியக் கரையான் இன்னும் தின்னல” என்றேன். அந்த செக்ஷனே சிரித்தது. அவனுக்கு மட்டும் கண் கலங்கியது. அன்று மதியம் என் ஃபைல் ஒன்றை மூன்று தடவை திருப்பி அனுப்பினான். அந்தக் கணக்கும் சரியாகிவிட்டது.

ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு. விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். “முழுசா படிங்க சார்” என்று மட்டும் சொன்னான்.

இந்தத் தடவை கடைசிப் பத்தி காபித் தோட்டம் பற்றியது. வாழ்க்கையில் நான் காபியை டம்ளருக்கு முந்திய நிலையில் பார்த்ததே இல்லை. முதல் வரிக்குப் பிறகு ஊகிப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. வேறு வழி தெரியாமல், எழுத்துக் கூட்டி, கடைசிப் புள்ளிவரை படித்தேன்.

வெளியே வந்தால் விடை ஒப்பிட ஆளில்லை. அதே தர்ஷினியில் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டேன்.

“கேள்வித்தாள் கையில இருக்கா சார்? மொதல்லேருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

“இரு, வடை வந்திருக்கு” என்றேன். கார்பன் நகல் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்த முறை வடையை எண்ணெயோடே தின்றேன்.