பூவம்மாளின் முழங்கை

பூவம்மாளின் முழங்கையில் தவளை குடியேறியது அறுபத்தெட்டாம் வருஷம். கூட வேலை செய்த தேவகிதான் அப்படிப் பேர் வைத்தாள். முழங்கையிலிருந்து முன்கை வரை தோல் முள்முள்ளாகப் பொரிந்து, தடவிப் பார்த்தால் பலாப்பழத்துக்குப் பங்காளி போல இருந்தது.

வேறு ஒருத்தி என்றால் சொறிந்துவிட்டுப் போய்விடலாம். பூவம்மாளின் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு பட்டிழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழைகள். முறுக்கும்போது முன்கை பாவின்மேல் உரசும். உரசினால் இழை அந்த முள்ளில் மாட்டிக்கொள்ளும்.

"இன்னா பூவம்மா, கையில ரம்பம் கட்டிக்கினு வந்துட்டியா?" என்றார் தறிக்காரர் முனிரத்தினம். மூன்றாவது இழை அறுந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பன்னண்டு நாள்ல அடுத்த பாவு. முகூர்த்தப் பொடவ. அதுக்குள்ள கைய சரி பண்ணிக்க. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சாப்பிடறே?"

"கேவுரு கூழும்மா. கடிச்சிக்க மொளகா."

"எண்ணெய்?"

"வெளக்குக்கு இருக்குதும்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சில கொழுப்பு உடம்பு தானா செஞ்சுக்காதும்மா. சாப்பாட்டுலதான் வரணும். தினம் ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு பிடி வேர்க்கடலை. அது மட்டும் போதாது, கீரையும் மீனும் சேர்ந்தாத்தான் சரியா நிக்கும். மூணு மாசத்துல தோல் வழிக்கு வரும். உள்ளே போகணும், மேலே தடவினா ஆகாது."

மூன்று மாசம் எங்கே, பன்னிரண்டு நாள் எங்கே? பூவம்மாள் நாலணாவுக்கு எண்ணெய் வாங்கினாள். பாவு பிணைக்கும் நாளன்று விடியற்காலையில் கையில் தடவி ஊறவிட்டு, முந்தானையால் மூன்று தரம் துடைத்தாள். பட்டு இருக்கும் வீட்டில் எண்ணெய்த் தலையோடுகூட யாரும் உட்கார மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். வேலை போனால் கூழும் இல்லை என்பது வயிற்றுக்கும் தெரியும்.

அன்று ஓர் இழைகூட அறுபடவில்லை. "பரவால்லியே!" என்றார் முனிரத்தினம். நான்கு நாள் கழித்து, நெய்த அரக்குப் பட்டில் ஒரு முழத்துக்கு எண்ணெய்க் கறை திட்டுத்திட்டாக எழுந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இனிமே வராத" என்றார், அவ்வளவுதான்.

சிட்டிபாபுவின் எண்ணெய்ச் செக்கில் புண்ணாக்கு அள்ளும் வேலை கிடைத்தது. கூலி அற்பம். ஆனால் உடைந்த எள்ளுப் புண்ணாக்கைக் கேட்பாரில்லை. துளி வெல்லத்தோடு தின்று, செக்கு மாட்டுக்குப் பங்காளியானாள். வரப்புக் கீரையைக் கிள்ளிக்கொண்டாள். தென்னேரி ஏரியில் பொடிமீன் மலிந்தபோது குழம்பும் வைத்தாள். நாலாம் மாசம் தவளை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

சீயக்காய் தேய்த்து மூன்று தரம் தலைமுழுகிவிட்டு முனிரத்தினத்தின் வாசலில் போய் நின்றாள். அவர் ஒரு பட்டிழையை அவள் முன்கைமேல் வைத்து இழுத்தார். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

"கை நல்லாயிட்டுது பூவம்மா." சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஆனா செக்கு வாசன அடிக்குதே."

"மூணு வாட்டி தல முழுகிட்டு வந்தேன் மொதலாளி."

"பாவு இல்லாத நாள்ல செக்குக்குத்தானே போவ? நான் ஒருவாட்டி சுட்டுக்கினது போதும்மா."

உள்ளே பாவு பிணைத்துக்கொண்டிருந்த தேவகியின் விரல்கள் ஓர் இழையில் நின்றன. தலை நிமிரவில்லை.

பூவம்மாள் முந்தானையை இழுத்து அந்த வழவழப்பான கையை மூடிக்கொண்டு, செக்குக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தாள்.